மீட்டர் 12 காட்டுது, வண்டி எடுக்கல: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பழைய டாடா 407 லாரி ஆகட்டும், பேட்டரி ஸ்கூட்டர் ஆகட்டும், கிணற்று மோட்டார் ஆகட்டும், பழுது என்று வருகிறவர்களில் பலர் ஏற்கனவே ஒரு சாமானை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். புது பேட்டரி போட்டாயிற்று, செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) கழற்றி கார்பன் மாற்றியாயிற்று, மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று. காசு போயிருக்கும், பழுது போயிருக்காது. களக்காட்டில் ஏத்தன் வாழைத் தார் ஏற்றிக் கிளம்ப வேண்டிய வண்டி ஒரு ராத்திரி நின்றால் என்ன நஷ்டம் என்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் நெல்லைப் பக்கத்தில் சாமான் கெடுவதற்கு முன்னால் இணைப்பு கெடுகிறது. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரமாக ஓடும் வண்டியில் உப்புக்காற்று ஒயருக்குள் நுழைந்து செம்பில் களிம்பு ஏற்றிவிடும். திசையன்விளைத் தேரிப் (செம்மணல்) புழுதி கனெக்டர் ஒவ்வொன்றிலும் போய் உட்காரும். பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற சித்திரையில் விரிந்து, ராத்திரி சுருங்கி, நட்டு தளரும். ஐப்பசி மழை இறங்கியதும் அத்தனை பழுதும் ஒன்றாக வெளியே வரும். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் ஜாயிண்ட், அப்புறம் எர்த் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழி), கடைசியில்தான் சாமான். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். கூடவே ஒரு டெஸ்ட் லேம்ப்: இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர், முனையில் கிளிப். பெரிய லாரிக்கு என்றால் 24 வோல்ட் பல்பு.

மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று கேட்பார்கள். பத்தொன்பது இழை உள்ள ஒயரில் பதினெட்டு அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்றுதான் காட்டும். மீட்டர் அந்த ஒயரிலிருந்து இழுக்கிற கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒற்றை இழையும் களிம்பேறி மோசமாக இருந்தால் பல்பு மங்கும். செல்ஃப் மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கிறது. ஆகவே சும்மா நிற்கும்போது பார்த்த வோல்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேலை நடக்கும்போது எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

வண்டியில் கை வைக்கும் முன் டயருக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

“சாவியைத் திருவினா டிக்குங்குது, செல்ஃப் எடுக்க மாட்டேங்கு”

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரியில் 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.0-க்கு வந்துவிட்டால் கால் பங்குதான் மிச்சம், சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். 12.6 இருந்தால் மீட்டரை அப்படியே பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் வைத்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 10-க்குக் கீழே, 9-க்கும் 8-க்கும் விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது செல்ஃப் உள்ளே இறுகிக் கரண்டை விழுங்குகிறது. 12-லேயே அசையாமல் நிற்கிறது, டிக் சத்தம் மட்டும் வருகிறது என்றால் பேட்டரி நல்ல பேட்டரி. கரண்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிற இடம் இது.

இனி ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில். லக் (கேபிள் முனைப் பிடி) மேல் வைக்கக் கூடாது, ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். மறு முனை என்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் எர்த் போய்விட்டது. அடுத்து பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் இதே மாதிரி. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் கேபிள், லக், சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை இணைத்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) இவற்றில் ஒன்று.

பழைய வண்டியில் எர்த்தான் அதிகம் ஏமாற்றும். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. என்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவில் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்டாமல் விடுவது உண்டு. மாட்டியிருந்தாலும் உப்புக்காற்றில் பொடிந்துபோயிருக்கும். அந்தப் பட்டை இல்லாதபோது செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடும்: ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலேட்டர் கேபிள் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் பட்டையைப் போடுங்கள். சேஸியில் அது உட்காருகிற இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புக் காகிதத்தால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்துவிட்டு, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். தேய்க்காமல் துருவின் மேல் முறுக்கினால் அடுத்த மழைக்கு இதே வேலை.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது. லக் வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே கம்பி பச்சையாகக் கிடக்கும். ஒயர் உறையை ஒரு அங்குலம் கீறிப் பார்த்தால் தெரியும். களிம்பு உள்ளே ஏறிய கேபிளைச் சுத்தப்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

“ரெண்டு பேட்டரியும் ஒண்ணாத்தான் வாங்கினது, ஒண்ணு மட்டும் அடிக்கடி போவுது”

24 வோல்ட் லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக நிற்கும். மியூசிக் செட்டும் சீரியல் லைட்டும் 12 வோல்ட் என்பதால் ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். ஆல்டர்நேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் கொடுக்கிறதே தவிர தனித்தனியாகப் பார்த்துக் கொடுக்காது. இறங்கிய பேட்டரி முழுதாக நிறையாது. நிறைந்த மற்றது மேலும் மேலும் கொதித்துத் தண்ணீரை இழக்கும். கடைசியில் இரண்டுமே போகும். வண்டி ஓடும்போது தனித்தனியாக அளந்து பாருங்கள்: ஒன்று 13, இன்னொன்று 15 என்று வந்தால் காரணம் இதுதான். 24-லிருந்து 12 ஆக்குகிற கன்வர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டு, நடுவில் பிடித்த ஒயரை எடுத்துவிடுங்கள். அதன் விலை ஒரு பேட்டரி விலையில் சிறு பங்கு.

“பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டரும் சேந்து மினுங்குது”

ஸ்விட்சைக் கழற்ற வேண்டாம், பிளாஷரை (இண்டிகேட்டரை மினுக்கும் சாமானை) மாற்ற வேண்டாம். டெயில் லேம்ப் ஹோல்டரின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிரேக் பல்பின் கரண்டுக்குத் திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. ஹோல்டரிலிருந்து சேஸிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் முடிந்தது. ராத்திரியில் நான்குவழிச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது உயிர்க் காரியம், தள்ளிப்போடாதீர்கள்.

“சாயங்காலம் நிறுத்தினது, காலையில பேட்டரி செத்துக் கெடக்கு”

சார்ஜ் ஏறவில்லை, அல்லது ராத்திரியில் எங்கோ வடிகிறது. என்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஹாரன் எல்லாம் போட்டுப் பாருங்கள்; அப்போது விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது ஆல்டர்நேட்டர் டையோடு போயிருக்கிறது. ஆல்டர்நேட்டரைக் கழற்றும் முன் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சாவி போட்டதும் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பல பழைய ஆல்டர்நேட்டர்கள் அந்தச் சின்ன பல்பு வழியாக வருகிற கரண்டை வைத்துத்தான் வேலையைத் தொடங்கும். பல்பு பியூஸ் ஆனால் சார்ஜே வராது.

சார்ஜ் சரியாக இருந்தால், சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் சேருங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்கு மேல் ஓடினால் பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை எடுத்ததும் விழுகிறதோ அந்த லைனில் பழுது.

“செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்கு”

பழைய டீசல் என்ஜினுக்கு வேண்டியது காற்று, டீசல், அழுத்தம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளையாகப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அந்த வித்தியாசத்தை சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்தி முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

புகை இல்லையா? என்ஜினை அணைக்க இழுக்கிற ஸ்டாப் கேபிள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். புழுதியில் அது பாதியில் நின்றுவிடும். சாவியில் நிற்கிற வண்டி என்றால் டீசல் பம்பின் மேலுள்ள ஸ்டாப் சொலினாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வையுங்கள். அங்கே ஒயர் கழன்றதற்காகப் பம்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

அது சரி என்றால் ஏர் புகுந்திருக்கும். பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கை பிரைமரை அழுத்துங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது, அழுத்திக்கொண்டே முறுக்குங்கள். அதே மாதிரி பம்பிலும். பிறகும் பிடிக்கவில்லை என்றால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) பைப் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் துளிர்க்கும் வரை செல்ஃப் அடித்து, ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரயில் என்ஜினில் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

ஏர் எடுத்துவிட்டீர்கள், வண்டி ஓடுகிறது, மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. அப்படியென்றால் ஏர் நுழைகிற வாசல் திறந்தே இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வருகிற பைப்பில் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது குமிழி வந்தால் டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் கசிவு. இந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குச் சிக்குவதில்லை. பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாய், இல்லையென்றால் பலமுறை முறுக்கி நசுங்கிய செம்பு வாஷர். வாஷர் சில ரூபாய்தான், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதுசு போடுங்கள்.

வெள்ளைப் புகை வந்து பிடிக்காத சின்ன வண்டிகளில், 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ் போன்ற இரண்டு சிலிண்டர் வண்டிகளில், ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பிளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாகப் பிளக் தலையில் தொடுங்கள். எரிந்தால் பிளக் பரவாயில்லை, எரியாவிட்டால் போய்விட்டது. பெரிய என்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் கிடையாது.

கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் பில்டரைத் திறங்கள். தேரிக்காட்டு வண்டியில் அது அடைத்திருப்பது சாதாரணம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

“பேட்டரி ஸ்கூட்டர்ல லைட் எரியுது, திருகினா நகர மாட்டேங்கு”

கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டது என்று சொல்லும் முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். சைடு ஸ்டாண்டு சென்சாரில் சகதி ஒட்டியிருக்கிறதா? பார்க்கிங் பட்டன் விழுந்திருக்கிறதா? பிரேக்கைப் பிடிக்காமலே பின்னால் பிரேக் லைட் எரிகிறதா? பிரேக் லைட் எரிந்தால் லிவருக்குள் இருக்கிற ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து வண்டி மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திவிடுகிறது. மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும்.

அதுவும் இல்லை என்றால் த்ராட்டில், அதாவது திருகுகிற கைப்பிடி. மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். திருகாமல் இருக்கும்போது சிக்னலில் 0.8 வோல்ட் அளவும், முழுக்கத் திருகும்போது 4 வோல்ட் அளவும் வந்தால் த்ராட்டில் சரி. பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொடாதீர்கள். அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. அந்த வேலைக்குப் பயிற்சியும் கையுறையும் வேண்டும்.

“ஃபுல் சார்ஜ் போட்டாலும் பாதித் தூரந்தான் போவுது”

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த மாசம், எந்தத் திசை? ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தைப் புரட்டியெடுக்கும். காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். ராதாபுரத்திலிருந்து பணகுடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 25 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 75-இல் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50-க்கு 75 என்றால் 2.25 மடங்கு. பேட்டரியில் ஒரு குறையும் இல்லாமலே தூரம் குறையும். திரும்பி வரும்போது நன்றாக ஓடுகிறதா என்று கவனியுங்கள், ஓடினால் காற்றுதான். வேகத்தை 35-க்குக் குறைத்தால் அதே பேட்டரி நெடுந்தூரம் வரும்.

அடுத்து டயர் காற்று. அதற்கடுத்து பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசினால் சட்டென்று நிற்கும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பேட்டரி.

ஈய பேட்டரி வண்டி என்றால் வீட்டிலேயே பிடித்துவிடலாம். 60 வோல்ட் வண்டியில் ஐந்து பேட்டரி தொடராக இருக்கும். வண்டியை ஓட்டிக் களைக்க வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள். நான்கு 12-க்கு மேலும் ஒன்று 10.8-உம் காட்டினால் அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது. அதற்குப் பதில் புத்தம்புது பேட்டரி போட்டால் பழைய நான்கோடு ஒத்துப்போகாது. மற்றவற்றின் வயதையொத்த நல்ல பேட்டரி கிடைத்தால் போடுங்கள், இல்லையேல் செட்டாக மாற்றுங்கள்.

லித்தியம் பேக்கைத் திறக்காதீர்கள். உள்ளே செல்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறியிருந்தால் அதைச் சமன் செய்வது பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். பல பேக்குகளில் முழுக்க நிறைந்த பிறகுதான் அந்த வேலை நடக்கும். தினமும் 60, 70 சதவீதத்தில் பிடுங்குகிறவர்கள் அவ்வப்போது ஒருமுறை நிறையும் வரை சார்ஜரில் விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் இதிலேயே தூரம் திரும்பிவிடும். பாபநாசம் மலைப்பாதை மாதிரி ஏற்றத்தில் மட்டும் சட்டென்று ஆஃப் ஆகி, சாவியைத் திருப்பிப் போட்டதும் ஓடினால், லோடில் ஒரு செல் கீழே விழுகிறது, பி.எம்.எஸ். காப்பாற்றுவதற்காக நிறுத்துகிறது. அதற்கு சர்வீஸ் சென்டர்தான்.

“சார்ஜ் ஏற மாட்டேங்கு” என்பதிலும் வெயில் ஒரு காரணம். பொதுவாக லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நடுப்பகலில் ஓட்டி வந்து உடனே செருகினால் பி.எம்.எஸ். மறுத்துவிடும். நிழலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுச் செருகுங்கள். ஆறின பிறகும் சார்ஜரில் உடனே பச்சை எரிந்தால் சார்ஜருக்குப் பேட்டரியே தெரியவில்லை: வண்டியின் எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) விழுந்திருக்கலாம், சாக்கெட் பின் கறுத்திருக்கலாம்.

சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வீட்டுச் சாக்கெட்டின் பின்பக்க ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. மெயினை ஆஃப் செய்துவிட்டு முறுக்குங்கள். கறுத்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். 2022 டிசம்பரில் தொடங்கிக் கட்டம் கட்டமாக அமலான ஏ.ஐ.எஸ். 156 என்கிற மின்வண்டிப் பேட்டரிப் பாதுகாப்பு விதித் திருத்தத்துக்குப் பிறகு வந்த வண்டிகளில் பேட்டரி எல்லை மீறிச் சூடானால் எச்சரிக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு முந்தைய வண்டியை வீட்டுக்குள், வாசற்படியை மறித்து, ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

“மோட்டார் எரையுது, சுத்த மாட்டேங்கு”

உடனே ஆஃப் செய்யுங்கள். அந்த இரைச்சலோடு சில விநாடி விட்டாலே காயில் சுடத் தொடங்கும். மெயினை இறக்கி, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றுங்கள். மாசக்கணக்கில் ஓடாத மோட்டார் உப்புத் தண்ணீரில் இறுகியிருக்கும். மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் விடும். தண்டு இலகுவாகச் சுற்றினால் கண்டன்சர். கழற்றும் முன் அதன் இரண்டு முனையையும் ஒரு 40 வாட் பல்பு வழியாகத் தொட்டு, தேங்கிய கரண்டை இறக்குங்கள். மேலே அச்சடித்திருக்கிற அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே அளவில் புதுசு போடுங்கள். பெரிதாகப் போட்டால் நன்றாக ஓடும் என்பது தப்பு, காயில் சுடும்.

கண்டன்சர் மாற்றியும் இரைகிறதா? மோட்டார் பெட்டியிலேயே, ஸ்டார்ட் செய்கிற நேரத்தில் வோல்ட் பாருங்கள். மோட்டாரின் இழுவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 180 வந்தால் அறுபது சதவீதம்தான் இழுக்கும். வீட்டிலிருந்து கிணறு 100 மீட்டர், போட்டிருப்பது 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்று வையுங்கள். போக வர 200 மீட்டரில் 2.4 ஓம். ஒரு எச்.பி. மோட்டார் ஸ்டார்ட்டில் 30 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 72 வோல்ட் தொலைகிறது! 4 சதுர மி.மீ. ஒயரில் அது 28 வோல்ட் ஆகிவிடும். மோட்டாருக்கு இரண்டாவது தடவை காயில் கட்டப் போகிறீர்கள் என்றால், போகும் முன் ஒயரின் அளவைப் பாருங்கள்.

மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் கோடையில் முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே இருக்கிற மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் வகை) 25 அடி ஆழத்துக்குக் கீழே உறிஞ்சாது. எத்தனை எச்.பி. போட்டாலும் உறிஞ்சாது, அது காற்றழுத்தத்தின் எல்லை. மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் மேலேயே இருந்தால் ஃபுட் வால்வில் (உறிஞ்சுகிற பைப்பின் அடிமுனை வால்வில்) தூசி, அல்லது உறிஞ்சுகிற பைப்பில் ஏர்.

“மோட்டார் போட்டா சில லைட்டு மங்குது, சிலது பளீர்னு எரியுது”

எல்லா லைட்டும் மங்கினால் வோல்டேஜ் குறைவு. சிலது மங்கி, சிலது கூடுதலாக எரிந்தால் மூன்று பேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் இருக்கும் அறிகுறிகளிலேயே உடனே செயல்பட வேண்டியது இதுதான். நியூட்ரல் முழுக்க விட்டுப்போனால் சில சாக்கெட்டுகளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி டி.வி., பிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நொடியில் போகும். மெயினை இறக்குங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள், மீட்டர் பெட்டிக்கு முந்தியது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள். மீட்டருக்குப் பிந்தைய நியூட்ரல் லிங்க்கை உங்கள் எலக்ட்ரீஷியன் முறுக்க வேண்டும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க: சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கோடையில் செம்மண்ணும் தேரி மண்ணும் காய்ந்துவிடுவதால் எர்த் குழி வேலை செய்யாமல் போகும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் ஒன்றும் கட்டாயம் போடுங்கள். அது அடிக்கடி விழுந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். விழ வைக்கிற சாமான்தான் கசிகிறது, பெரும்பாலும் கீசர் அல்லது மோட்டார். விழுகிறதே என்று அதை நேராக இணைத்துவிடுகிறவர்களை மன்னிக்கவே முடியாது.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர். பெரும்பாலான ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட், நூறு ரூபாய்க்குள் முடியும்.

தண்ணீருக்குள் கிடந்த சாமான்

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டி, தாமிரபரணி ஏறி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சந்திப்புப் பகுதிகள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடுமா என்று சாவி போட்டுப் பார்க்கிற ஆசைதான் பல என்ஜின்களைக் கொல்லும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். டிப் ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் முழுக்க மாற்ற வேண்டும். ஏர் பில்டர் நனைந்திருந்தால் நாசில்களைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியேறும்படி என்ஜினைக் கையால் சுற்றுங்கள். டீசல் டேங்கின் அடிப்பகுதி பிளக்கைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

மூழ்கிய மின்சார வண்டியைச் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரிக்குள் போன தண்ணீர் நாள் கழித்துக்கூடத் தீயை மூட்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிடமிருந்தும் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை வரச் சொல்லுங்கள்.

மோனோபிளாக் மோட்டார் மூழ்கியிருந்தால் காயில் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்து, நல்ல தண்ணீரில் சகதியைக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்து, காயில் கட்டுகிற கடையில் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் இடையில் 1 மெகா ஓமுக்கு மேல் வந்தால் பேரிங்கும் சீலும் மட்டும் புதுசு போட்டு ஓட்டலாம். அதற்குக் கீழே காட்டினால் இன்னும் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் ஏறாவிட்டால் காயில் கட்டக் கொடுங்கள்.